கறுப்பு ரப்பர் சப்பாத்து

2004ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம். கெடாவில் வெள்ளிக்கிழமைதான் விடுமுறை. அன்று விடியற்காலை ஐந்தரை மணிக்கு ஜித்ரா பட்டணத்துப் பழைய கடைவரிசைக்கு முன்னால், நாங்கள் வாடகைக்குப் பேசியிருந்த வேன் நின்றது. ஊர் இளைஞர் குழுவிலிருந்து 14 பேரை ஜெராய் மலைக்கு அழைத்துப் போகும் பொறுப்பு என்னுடையது. எனக்கு அப்போது 31 வயது. யார் என்ன கொண்டுவர வேண்டும் என்று நானே எழுதி, தட்டச்சு செய்து, இரண்டு வாரம் முன்பே எல்லார் வீட்டுக்கும் கொடுத்த பட்டியல் கையில் இருந்தது. அதன் முதல் வரி: கணுக்காலை மூடும் மலையேற்றச் சப்பாத்து, கட்டாயம்.

கடைசியாக ஒரு மோட்டார் சைக்கிள் வந்து நின்றது. அப்பாவும் மகனும். மகன் நாலாம் படிவம் படிக்கிற பையன். முதுகில் பள்ளிக்கூடப் பை, காலில் கறுப்பு ரப்பர் சப்பாத்து. பால்மரம் வெட்டுகிறவர்கள் போடுகிற அதே சப்பாத்து. வேன் விளக்கின் வெளிச்சத்தில் அடிப்பக்கத்துக் குமிழ்களுக்கு இடையே செம்மண் காய்ந்து கிடந்தது தெரிந்தது.

"தம்பி, இது வேண்டாம்," என்றேன். பையன் அப்பாவைப் பார்த்தான்.

"லீவு நாள்ல என்கூட மரம் வெட்ட வரும்போது இதத்தான் தம்பி போட்டுக்கிறான். மழத் தரையிலகூட வழுக்காது," என்றார் அவர்.

"அது தோட்டத்துக்குச் சரிண்ணே. இது மலை. ஏதாச்சும் ஒண்ணுன்னா நான்தான் பதில் சொல்லணும். பட்டியல் கொடுத்து ரெண்டு வாரமாச்சு."

அவர் வாதாடவில்லை. மலையேற்றச் சப்பாத்து வாங்கக் காசில்லை என்றும் சொல்லவில்லை. மகனுடைய பையைத் திறந்து ஒரு பொட்டலத்தை எடுத்து என்னிடம் நீட்டினார். "புளிச்சோறும் நெத்திலி சம்பலும் கட்டிக் கொடுத்திருக்கா அவங்கம்மா. மத்த பிள்ளைங்க சாப்பிடட்டும்." வாங்கிக்கொண்டேன். மோட்டார் திரும்பியது. பையன் ஒருமுறைகூடத் திரும்பிப் பார்க்காமல் அப்பாவின் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு போனான்.

இதை 20 ஆண்டுகளுக்குப் பிறகு எழுதுகிறேன். பாதுகாப்புக்காகத்தான் அப்படிச் சொன்னேன் என்று வெகுநாள் எனக்கே சொல்லிக்கொண்டிருந்தேன். அது பொய்.

என் அப்பாவும் பால்வெட்டுத் தொழிலாளிதான். ஜித்ராவுக்குக் கிழக்கே ஒரு தோட்டத்தில், தொழிலாளர் வரிசைவீடான லயத்தில்தான் நான் பிறந்தேன். விடியற்காலை நாலரைக்கு அப்பா தலைவிளக்கைக் கட்டிக்கொண்டு, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கிளம்புவார். வெயில் ஏறிவிட்டால் பால் ஓட்டம் குறைந்துவிடும் என்பதால் இருட்டிலேயே தன் மரவரிசையை, நிரையை, பிடிக்க வேண்டும். இடுப்பில் தகரடப்பாவுக்குள் கொசுவர்த்திச் சுருள் புகையும். காலில் இந்தச் சப்பாத்து. மதியம் வந்து வாசற்படியில் அதைக் கழற்றிக் கவிழ்த்துவைப்பார். புளித்த பால் நாற்றமும் வியர்வை நாற்றமும் கலந்து வரும். பள்ளிக்கூடத்தில் பட்டணத்துப் பிள்ளைகள் மூக்கைச் சுளித்தது அந்த வாசனைக்குத்தான். படித்து, குமாஸ்தா வேலைக்குப் போய், பட்டணத்தில் வீடு எடுத்ததும் நான் முதலில் செய்தது, அப்பாவின் அந்தச் சப்பாத்தை வாசலில் வைக்க வேண்டாம், பின்பக்கம் வையுங்கள் என்று சொன்னது. அன்று காலை வேனுக்கு முன்னால் அந்தப் பையனின் காலில் நான் பார்த்தது மலைக்கு ஒத்துவராத சப்பாத்தை இல்லை. எங்கள் லயத்து வாசற்படியைப் பார்த்தேன். அதை மறுபடி பார்க்க எனக்குப் பிடிக்கவில்லை.

மலைமீது ஆசை வந்த கதை வேறு. 1997 மே 23ஆம் தேதி மு. மகேந்திரனும் நா. மோகனதாசும் எவரெஸ்ட் உச்சியில் நின்றார்கள். அங்கே கால் வைத்த முதல் மலேசியர்கள் அவர்கள் இருவரும்தான், இருவரும் நம் தமிழ்ப் பிள்ளைகள். பத்திரிகையில் வந்த அந்தப் படத்தை வெட்டி என் மேசைக் கண்ணாடிக்கு அடியில் வைத்திருந்தேன். கனத்த உடை, கனத்த சப்பாத்து, பனி. மலையேறுகிறவன் இப்படித்தான் இருப்பான் என்று மனத்தில் பதிந்துவிட்டது. 8,848 மீட்டர் உயரத்தில் விரல்கள் உறைந்துபோகாமல் காப்பாற்றும் சப்பாத்து வேறு, 30 பாகை வெயிலில் சேற்றிலும் வேரிலும் ஓடைத் தண்ணீரிலும் நடக்கிற சப்பாத்து வேறு என்று யோசிக்கத் தோன்றவில்லை. 1998 கடைசியில் பினாங்குக்குப் போய், ஆறு மாதம் சேர்த்த காசில், 350 வெள்ளிக்கு ஒரு தோல் சப்பாத்து வாங்கினேன். உள்ளே தண்ணீர் புகாத சவ்வு, கணுக்கால் வரை கட்டு, தடித்த அடி. இரண்டே முறை போட்டேன். ஜித்ராவுக்குப் பக்கத்துப் புக்கிட் வாங் காட்டுக்கு ஒரு முறை, இன்னோர் இடத்துக்கு ஒரு முறை. பிறகு துடைத்து, காகிதம் திணித்து, பெட்டியிலேயே வைத்து அலமாரியில் பூட்டினேன். ஆறு ஆண்டு. நல்ல பொருளைப் பத்திரமாக வைத்திருக்கிறோம் என்ற நிம்மதி வேறு.

ஜித்ராவிலிருந்து ஜெராய் அடிவாரத்து யான் ஊருக்கு வேனில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வயல்வெளிக்கு அப்பால், மேகத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு ஜெராய் எழுந்து நிற்கும். உயரம் 1,217 மீட்டர்தான். ஆனாலும் கடலோரத்துச் சமவெளியிலிருந்து நேராக எழுவதால் பெரிதாகத் தெரியும். கடாரம் என்று பெயர்பெற்ற பழைய கெடாவுக்கு வந்த மரக்கலங்களுக்கு இந்த மலைதான் அடையாளம் என்பார்கள். அதன் அடிவாரத்தில், மெர்போக் பக்கம், பூஜாங் பள்ளத்தாக்கின் பழங்கோயில் அடித்தளங்கள் இன்றும் இருக்கின்றன. குருண் பக்கமிருந்து உச்சிக்குத் தார்ச்சாலை உண்டு. நாங்கள் தீத்தி ஹாயுன் அருவிப் பக்கமிருந்து நடந்து ஏறுவதாகத் திட்டம்.

ஏழரைக்கு ஏற ஆரம்பித்தோம். என் காலில் பெட்டியிலிருந்து எடுத்த அந்தத் தோல் சப்பாத்து. முந்தின நாள் ராத்திரி பெய்த மழையில் பாதையெல்லாம் ஊறிக் கிடந்தது. முதல் ஓடையைக் கடக்கும்போதே தண்ணீர் கணுக்காலுக்கு மேலே வந்து சப்பாத்துக்குள் இறங்கியது. வெளியிலிருந்து வரும் தண்ணீரைத் தடுக்கிற சவ்வு, உள்ளே வந்த தண்ணீரையும் வெளியே விடாது. ஒவ்வோர் அடியிலும் காலுக்குள் குளம் குலுங்கியது. தோல் தண்ணீரைக் குடித்துக் கனத்தது. பத்து மணி இருக்கும், வலது குதிகாலில் ஏதோ தளர்ந்த மாதிரி இருந்தது. சேறு ஒட்டியிருக்கிறது என்று நினைத்துக் காலை உதறினேன். அடிப்பாகம் முழுக்க நாக்கு மாதிரி தொங்கியது. குனிந்து தொட்டேன். மேல்தோலுக்கும் அடிரப்பருக்கும் நடுவே இருந்த மெத்தைப் பகுதி, பழைய பிஸ்கட் மாதிரி விரலில் பொடிந்து உதிர்ந்தது. கால் மணி நேரத்தில் இடது காலிலும் அதே கதை.

அடி போன சப்பாத்தில் பிடிமானமே கிடையாது. வழவழப்பான பலகைமீது நிற்கிற மாதிரி. இரண்டு முறை சறுக்கி, மூன்றாம் முறை ஒரு பாறையிலிருந்து விழுந்து இடது மணிக்கட்டை ஊன்றினேன். எலும்பு விரிசல் என்று பிறகு தெரிந்தது. மீதி 13 பிள்ளைகளும் என்னைச் சுற்றி நின்றார்கள். அவர்களைக் காப்பாற்ற வேண்டியவன் நான். பையில் கயிறு தேடினேன். கையில் புளிச்சோற்றுப் பொட்டலம் தட்டுப்பட்டது.

அந்த நேரத்தில் மேலேயிருந்து ஒரு மலாய்ப் பெரியவர் இறங்கி வந்தார். தோளில் பெத்தாய்க் காய்க் கட்டு, இடுப்பில் பாராங் கத்தி. காலில் அதே கறுப்பு ரப்பர் சப்பாத்து. வெள்ளித் தொழுகைக்குள் கீழே போய்ச் சேர வேண்டிய அவசரத்திலும் நின்றார். ஒன்றும் கேட்காமல் உட்கார்ந்து, பெத்தாய்க் கட்டைச் சுற்றியிருந்த மோட்டார் டியூப் ரப்பர் வாரை அவிழ்த்து, என் இரண்டு சப்பாத்தையும் அடியோடு சேர்த்து இறுக்கிச் சுற்றிவிட்டார். அந்த வாரின் தயவில்தான் கீழே வந்தேன். அவர் முன்னால் நடந்தார். ஈரப் பாறையில் அவருடைய கால் பதிந்த விதத்தை மூன்று மணி நேரம் பின்னாலிருந்து பார்த்துக்கொண்டே வந்தேன். குதிகால் முதலில் படாது. முழு அடியும் ஒரே நேரத்தில், பூனை மாதிரி. மெல்லிய ரப்பர் கல்லின் வடிவத்துக்கு வளைந்துகொடுத்தது, அடிக் குமிழ்கள் சேற்றுக்குள் இறங்கிப் பற்றின. ஓடையில் இறங்கி ஏறினால் இரண்டு எட்டில் தண்ணீர் பீச்சிக்கொண்டு வெளியே போனது. அப்பாவும் நிரையில் இப்படித்தான் நடப்பார். அதுவரை நான் கவனித்ததே இல்லை.

என் சப்பாத்துக்கு நேர்ந்தது என்ன என்று பிறகு தேடித் தெரிந்துகொண்டேன். இந்த ஊரில் மலை ஏறுகிற ஒவ்வொருவருக்கும் இதைச் சொல்லியாக வேண்டும். விலையுயர்ந்த மலையேற்றச் சப்பாத்துகள் பலவற்றில் அடிமெத்தை பாலியூரிதேன் என்ற பொருளால் ஆனது. மெத்தென்று இருக்கும், எடை குறைவு. ஆனால் காற்றில் இருக்கிற ஈரம் மெல்ல மெல்ல அதன் இணைப்புகளை அறுக்கும். சூடும் ஈரமும் சேர்ந்தால் இன்னும் வேகமாக அறுக்கும். நம் ஊரில் இரண்டும் வருடம் முழுக்க உண்டு. அடிக்கடி போட்டு நடக்கிற சப்பாத்தைவிட, பெட்டியில் காற்றோட்டமில்லாமல் பூட்டிவைத்த சப்பாத்துதான் சீக்கிரம் பொடியும். ஐந்தாறு வருடத்தில் வெளியே ஒரு கீறல்கூடத் தெரியாமல் உள்ளே மாவாகிவிடும். அதனால் வெகுநாள் போடாத சப்பாத்தை மலைக்கு எடுத்துப்போகும் முன், அடிமெத்தையைக் கட்டை விரலால் அழுத்திப் பாருங்கள். அழுத்திய இடம் எழும்பி வராவிட்டாலோ, வெடிப்பு தெரிந்தாலோ, அதை எடுத்துப்போகாதீர்கள். நாலு நாள் முன்பே போட்டுக்கொண்டு ஊருக்குள் நடந்து பாருங்கள்.

தண்ணீர் புகாத சவ்வின் கதையும் இதே மாதிரிதான். காலில் ஊறும் வியர்வை ஆவியாகி அந்தச் சவ்வு வழியாக வெளியேற வேண்டுமென்றால், வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும். குளிர்நாட்டில் அது நடக்கும். நம் காட்டுக்குள் வெளிக்காற்றே ஈரத்தில் ஊறி நிற்கிறது. ஆவி எங்கே போகும்? இங்கே கால் நனையாமல் நடக்க முடியாது. நனைந்த கால் சீக்கிரம் வடிகிற மாதிரி பார்த்துக்கொள்வதுதான் நம்மால் முடிந்தது.

இந்த ரப்பர் சப்பாத்துக்கு மலாய்க்காரர்கள் வைத்த செல்லப் பெயர் கம்போங் அடிடாஸ். அந்த நிறுவனத்துக்கும் இதற்கும் எந்தத் தொடர்பும் கிடையாது. அச்சில் ஊற்றிய ஒரே துண்டு ரப்பர். தையல் இல்லை, பசை இல்லை, பிரிந்துபோக ஒன்றுமில்லை. அன்றைக்குப் பத்து வெள்ளிக்குள் எந்தச் சாமான் கடையிலும் கிடைத்தது. இப்போது கோலாலம்பூரிலிருந்து வருகிற மலையேற்றக் குழுக்கள் பலவும் இதைத்தான் தேடி வாங்குகின்றன.

இதற்கும் குறை உண்டு, மறைக்க மாட்டேன். காற்றுப் போகாது. கால் வேகும். மெல்லிய அடியில் கூர்க்கல் குத்தினால் உள்ளங்காலில் உறைக்கும். பத்துப் பதினைந்து கிலோவை முதுகில் சுமந்துகொண்டு நாள்கணக்கில் நடக்கிற பயணத்தில், உதாரணத்துக்கு 2,187 மீட்டர் உயரத் தாஹான் மலையில், நடக்கப் பழகாத கால் இதில் வீங்கிவிடும். அங்கே தடித்த அடியுள்ள, ஆனால் தண்ணீர் வடிகிற துணிச் சப்பாத்துதான் எனக்கு ஒத்துவந்தது. 4,095 மீட்டர் கினாபாலுவின் உச்சிப்பாறையில் விடியற்காலைக் குளிருக்குக் கையுறையும் கம்பளித் தொப்பியும் வேண்டும், அங்கே நான் இதை மட்டும் நம்பிப் போகமாட்டேன். எந்த மலை, எந்த மாதம், எத்தனை நாள், எவ்வளவு சுமை என்று கேட்காமல் பட்டியல் போடுகிறவன் மற்றவர்கள் உயிரோடு விளையாடுகிறான். 2004இல் நான் அதைத்தான் செய்தேன்.

இடத்துக்கு ஒத்த காலணி என்ற பாடம் ஜித்ரா மண்ணுக்குப் புதிதும் இல்லை. 1941 டிசம்பர் 11, 12 தேதிகளில் இங்கேதான் பிரிட்டிஷ் படையின் தற்காப்பு வரிசை உடைந்தது. கூர்க்காக்களும் பஞ்சாபியரும் ஆங்கிலேயரும் வெட்டிய பதுங்குகுழிகள் மழையில் நிரம்பிக் கிடந்தன. எதிரே வந்த ஜப்பானியர் குறைந்த சுமையோடு வந்தார்கள். அவர்களில் பலருக்கு ரப்பர் அடி வைத்த துணிக் காலணி, பிறகு மலாயா நெடுகச் சைக்கிள். தோல்விக்குக் காரணங்கள் நிறைய உண்டு, டாங்கிகளை விட்டுவிட்டுக் காலணியைக் காரணம் சொல்ல முடியாது. ஆனால் என் தாத்தா அந்தக் காலத்தைப் பற்றிப் பேசும்போதெல்லாம் முதலில் சொல்வது அவர்களுடைய காலைத்தான். "சத்தமே வராதுடா. நிரைக்குள்ள வந்து நின்னப்பறம்தான் தெரியும்." சின்ன வயதில் எத்தனையோ முறை கேட்ட கதை. அதில் எனக்கான பாடம் ஒன்று இருக்கிறது என்று அப்போது புரியவில்லை.

இப்போது என் பையில் இருப்பது அதிகமில்லை. ஒரு நாள் ஏற்றத்துக்கு இரண்டு தலைவிளக்கு, ஒன்று கெட்டால் இன்னொன்று. பைக்கு மேலே மாட்டுகிற மழையுறையை நான் நம்புவதில்லை. முதுகுப்பக்கமாகத் தண்ணீர் இறங்கிவிடும். தடித்த குப்பைப் பையைப் பைக்குள்ளே விரித்து, சாமானை அதற்குள் போட்டு முறுக்கிக் கட்டிவிடுவேன். ஜீன்ஸ் கூடாது. நனைந்த பருத்தி காயாது, உச்சியில் காற்றடித்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சும். அட்டைக்கு முழங்கால் வரை நீளமான, நெருக்கமாக நெய்த துணிக் காலுறை. அதன்மேல் புகையிலை ஊறிய தண்ணீர், தோட்டத்தில் பாட்டிமார் செய்தது. காய்ந்த மாற்று உடை, உப்பு, ஒரு மோட்டார் டியூப் வார். மழை மாதத்தில் ஓடைப் பாதையே வேண்டாம். 2021 ஆகஸ்டு 18ஆம் தேதி ஜெராயிலிருந்து இறங்கிய தலைவெள்ளத்தில் ஆறு பேர் இறந்துபோனார்கள். மேலே மேகம் கறுத்து, ஓடைத் தண்ணீர் திடீரென்று கலங்கினால் எந்தச் சப்பாத்தும் காப்பாற்றாது. கரையேறிவிட வேண்டும்.

அந்த 2004 ஏற்றத்துக்கு அடுத்த வாரமே, மணிக்கட்டில் மாவுக்கட்டோடு, அந்தப் பையன் வீட்டைத் தேடிப் போனேன். அவன் அப்பாவுக்குச் சொந்தத் தோட்டம் இல்லை. மலாய்க்காரர் ஒருவரின் சிறுதோட்டத்தில் பாதிப் பங்குக்குப் பால்வெட்டு. பலகை வீடு, வாசலில் மூன்று ஜோடி ரப்பர் சப்பாத்து வரிசையாகக் கவிழ்த்து வைத்திருந்தது. அவர் கட்டுப்போட்ட கையைப் பார்த்து, "பசியாறியாச்சா தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். ஒழுங்காகச் சொல்லவில்லை. பாதியில் குரல் போய்விட்டது. என் அப்பாவும் மரம் வெட்டியவர்தான் என்று சொன்னபோது அவர் நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை.

"அவன் எங்கண்ணே?"

உள்ளே கைகாட்டினார். அறைக்கதவு சாத்தியிருந்தது. வானொலி ஓடிக்கொண்டிருந்தது. அவர் கூப்பிட்டார், பையன் வரவில்லை. இரண்டாம் முறை கூப்பிட வேண்டாம் என்று நானே தடுத்தேன்.

போகும் வழியில் நானும் ஒரு ஜோடி வாங்கிப் பையில் வைத்திருந்தேன். அதைப் பார்த்ததும் அவர் கேட்டார், "என்ன சைஸ் வாங்குனீங்க?" சொன்னேன். "ஒரு சைஸ் பெருசா வாங்கணும் தம்பி. தடிச்ச காலுறை போட்டா இது கடிக்கும்." எழுந்து போய்த் தன்னுடைய புது ஜோடியைக் கொண்டுவந்தார். உள்ளே விரலை விட்டு, குதிகால் பக்கம் அச்சின் கோடு மேடாக ஓடுகிற இடத்தைத் தடவச் சொன்னார். சவர பிளேடைப் பாதியாக ஒடித்து, அந்த மேட்டை மெல்லிய சீவலாகச் சீவி எடுத்தார். பால்பட்டையைச் சீவுகிற அதே கைப்பழக்கம், ஆழம் போகாமல். பிறகு உப்புத்தாளால் தேய்த்தார். "இத எடுக்கலேன்னா ரெண்டு மணி நேரத்துல குதிகால் உரிஞ்சிரும். கடக்காரன் சொல்ல மாட்டான்."

இரண்டு காலுக்கும் செய்துமுடித்து என் பக்கம் நகர்த்தினார். "போட்டு நடந்து பாருங்க."

கட்டுப்போட்ட கையோடு குனிய முடியாமல் நான் தடுமாற, அவரே குனிந்து மாட்டிவிட்டார். வாசலில் கிணறு வரைக்கும் போய்த் திரும்பினேன். செம்மண் ஈரமாக இருந்தது. கால் வழுக்கவில்லை. அறைக்குள் வானொலி ஓடிக்கொண்டே இருந்தது.